மடைப்பள்ளிப் பக்கம்: கேசரியின் நிறம்

அர்ச்சகரின் வெள்ளை வேட்டியில் சாம்பார் தெறித்தால் மஞ்சட் கறை விழும். சவர்க்காரம் போட்டுக் கசக்கினால் கறை போவதற்குப் பதிலாக இரத்தம் பட்டதுபோலச் சிவந்துவிடும். புதிதாக வேட்டி கட்டத் தொடங்கிய இளைஞர்கள் இதைக் கண்டு பதறுவதுண்டு. ஊரிலே தாய்மார் பதறமாட்டார்கள். அலசிப் பிழிந்து வெயிலில் கொடியிற் போட்டுவிடுவார்கள். பின்னேரம் எடுக்கும்போது கறை இருந்த இடமே தெரியாது. இந்த நாட்டில் வெயிலைப் பிடிப்பதுதான் சிரமம். கறை அதே கறைதான்.

மஞ்சளின் குணம் முழுவதும் அந்த வேட்டியில் இருக்கிறது. காரப் பொருள் பட்டால் சிவக்கும். அமிலம் பட்டால் மறுபடி மஞ்சளாகும். வெளிச்சம் பட்டால் அழியும். மஞ்சளுடன் சுண்ணாம்பைச் சேர்த்துக் குங்குமம் செய்வதும் இந்தக் குணத்தைக் கொண்டுதான். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பாசிச்சாயத் தாள் செய்கிற வேலையை மஞ்சள் தோய்த்த தாளும் ஓரளவு செய்யும். மரக்கறியிலும் பழத்திலும் பூவிலும் உள்ள ஒவ்வொரு நிறத்துக்கும் இப்படிச் சில விருப்பு வெறுப்புகள் உண்டு. அவற்றை அறியாமல் அடுப்பில் ஏற்றினால் நிறம் கைவிட்டுவிடும். சென்ற நவராத்திரியில் மடைப்பள்ளியில் நடந்தது அதுதான்.

ஒன்பது நாட்களும் நைவேத்தியத்தில் கடையில் விற்கும் நிறத்தூள் போடுவதில்லை என்று தொண்டர்கள் தீர்மானித்தார்கள். சிறு பிள்ளைகளை உடைய பெற்றோர் சிலர் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுத்த தீர்மானம் அது. முதல்நாட் கேசரிக்குப் பீற்றூட் சாறு. ஐந்து இறாத்தல் பீற்றூட்டைத் துருவிப் பிழிந்து, சாறு தடிக்கட்டும் என்று அரைமணி நேரம் கொதிக்கவைத்து, அதிலேயே றவையைக் கொட்டி, சீனியும் நெய்யும் விட்டுக் கிண்டினார்கள். பிழிந்த சாறு செந்தாமரைபோல இருந்தது. இறக்கிய கேசரி பழைய செங்கல்லின் நிறத்தில் இருந்தது. பிரசாதம் வழங்கியபோது பலர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்கள். "அடிப்பிடித்துவிட்டதோ?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அம்பாளுக்குப் படைத்ததைப் பற்றி இப்படியொரு பேச்சு எழுந்தது, கைநோகக் கிண்டியவர்களுக்குப் பெரிய மனவருத்தம். மூன்றாம் நாள் செம்மஞ்சள் தூள் அடங்கிய போத்தல் அலுமாரியிலிருந்து மீண்டும் வெளியே வந்தது. அன்றுதொட்டு இந்த விஷயத்தில் அன்பர்களிடையே இரண்டு கட்சி.

பெற்றோரின் கவலை வீண் கவலையன்று. 2007ஆம் ஆண்டில் சவுதாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று வயதுப் பிள்ளைகளும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 300 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோவேற் என்ற பாதுகாப்புப் பொருளும் கலந்த பானத்தைச் சில வாரங்களும், தோற்றத்தில் வேறுபாடு தெரியாத, அவை கலவாத பானத்தைச் சில வாரங்களும் கொடுத்துப் பார்த்தார்கள். கலந்ததைக் குடித்த நாட்களில் பிள்ளைகளின் துடியாட்டமும் கவனக்குறைவும் கூடுவதைக் கண்டு 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதன் பின்னர் 2010 ஜூலை முதல், குறித்த ஆறு நிறங்களில் ஒன்று சேர்ந்த உணவுப் பொதியிலும், பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் அது பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அச்சிடவேண்டும் என்பது சட்டம். 102, 104, 110, 122, 124, 129 என்பவை அந்த ஆறின் எண்கள். கேசரிக்கென்று விற்கப்படும் மஞ்சள், செம்மஞ்சள் தூள்களில் பெரும்பாலும் இருப்பவை 102உம் 110உம்.

இதை நஞ்சு என்று சொல்வது மிகை. ஆய்வில் கண்ட மாற்றம் சிறியது. எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரேமாதிரி இருக்கவுமில்லை. சட்டமும் இவற்றைத் தடைசெய்யவில்லை. ஆனால் கடைப் பொதியில் எச்சரிக்கை இருக்கிறது, வாழையிலையில் வைத்துக் கொடுக்கும் பிரசாதத்தில் எதுவுமில்லை. பிரசாதம் என்றால் எந்தத் தாயும் கேள்வி கேட்காமற் கையை நீட்டுவாள். அந்த நம்பிக்கைக்கு மடைப்பள்ளி கடமைப்பட்டிருக்கிறது.

இனிப் பீற்றூட்டுக்கு வருவோர் முதலில் அறியவேண்டியது, அதன் மேல் பிழையில்லை என்பதே. அதன் செந்நிறம் பீற்றானின் என்ற பொருளால் வருவது. அது நீரில் கரையும். சிறிதளவு புளிப்பு உள்ள இடத்தில் நன்றாக நிற்கும். நெடுநேரச் சூட்டைத் தாங்காது. கொதிக்கக் கொதிக்க உடைந்து பழுப்பாகும். அப்பச்சோடா போன்ற காரப் பொருள் சேர்ந்தால் மஞ்சளாகவே திரும்பிவிடும். அரைமணி நேரம் கொதித்த சாறு, பிறகு றவையோடு இன்னொரு கால்மணி நேரம் அடுப்பில். இத்தனையும் தாண்டி அது செந்தாமரையாக நிற்க நியாயமில்லை.

செய்யவேண்டியது வேறு. பீற்றூட்டைத் தோல் சீவாமல், வாலையும் காம்பில் ஓரங்குலத்தையும் விட்டு, முழுதாக அவிக்கவேண்டும். ஆங்கிலேய இல்லத்தரசிகள் நெடுங்காலமாகச் செய்வது இது. வெட்டுவாய் இல்லாததால் நிறம் தண்ணீரில் ஒழுகிப் போகாது. ஆறியபின் தோலை உரித்துத் துருவிப் பிழிந்து, சாற்றில் தேசிக்காய்ப் புளி சில துளி விடவேண்டும். கேசரியை நிறமில்லாமலே கிண்டி, இறக்கி, ஆவி தணிந்தபின் சாற்றை விட்டுக் கிளறவேண்டும். றவை வேகும் தண்ணீரில் அந்த அளவை முன்னரே குறைத்துக்கொண்டால் கேசரி இளகாது. பாலில் வேகவைக்கும் கேசரியென்றால் தேசிக்காயை விட்டுவிடுவது நல்லது, பால் திரைந்துவிடும். வருவது இளஞ்சிவப்பு நிறம்தான். தூளின் பளபளப்பு வராது. அதை எதிர்பார்த்து மேலும் மேலும் சாறு விட்டால் கேசரியில் மண்வாசனை ஏறும்.

உண்மையில் கேசரிக்குப் பீற்றூட்டைவிடக் கரட் பொருத்தம். கரட்டின் நிறமாகிய கரோட்டீன் தண்ணீரில் கரையாது, கொழுப்பிற் கரையும். துருவிய கரட்டை நெய்யில் மெல்லிய தீயில் வதக்கினால் நெய்யே செம்மஞ்சளாகிவிடும். அந்த நெய்யிற் கிண்டிய கேசரியின் ஒவ்வொரு றவையிலும் நிறம் ஏறும். புளிப்பு, சோடா எதையும் இது பொருட்படுத்தாது. சமையற் சூட்டையும் பெரும்பாலும் தாங்கும். அதற்குப் பகை காற்றும் வெளிச்சமும் கடுஞ்சூடும். மலேசியத் தோட்டங்களில் இருந்து வந்த அன்பர்கள் அறிவார்கள்: ஆலையில் பிழிந்தெடுத்த செம்பனை எண்ணெய் இரத்தச் சிவப்பாக இருக்கும். அதுவும் கரோட்டீன்தான். கடையிற் கிடைப்பதோ வெளிறிய எண்ணெய். களிமண் போன்ற ஒரு மண்ணைச் சேர்த்து நிறத்தை உறிஞ்சவைத்து, 200 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் நீராவி செலுத்தி மணத்தையும் மிச்ச நிறத்தையும் போக்கிவிடுகிறார்கள். இயற்கை கொடுத்த நிறத்தை ஒரு தொழிற்சாலையில் அழிக்கிறார்கள், இன்னொரு தொழிற்சாலையில் உணவுக்கு நிறத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்கள்.

குங்குமப்பூவும் இந்தக் கரோட்டீன் குடும்பந்தான். ஆனால் அதன் நிறப்பொருளோடு சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டியிருப்பதால் அது மட்டும் தண்ணீரிலும் பாலிலும் கரைகிறது. இளஞ்சூட்டுப் பாலில் ஊறவைத்துக் கடைசியில் சேர்ப்பதே முறை. நேரே தாச்சியில் தூவிக் கொதிக்கவைப்பது விலையுயர்ந்த பொருளை வீணாக்குவது.

மஞ்சளைப் பற்றி இன்னும் சொல்லவேண்டியது உண்டு. கிழங்கைத் தோண்டியவுடன் அப்படியே அரைத்துத் தூளாக்குவதில்லை. அவித்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, உருட்டித் தேய்த்து மெருகேற்றிய பின்னரே சந்தைக்கு வரும். அவிக்கும்போது கிழங்கின் மாப்பொருள் வெந்து இளகுவதால் நிறம் உள்ளும் புறமும் ஒரேமாதிரிப் பரவுகிறது. இந்த நிறப்பொருளுக்குக் குர்க்குமின் என்று பெயர். தண்ணீரில் அது கரைவதில்லை என்றே சொல்லலாம். எண்ணெயிலும் நெய்யிலும் தேங்காய்ப்பாலிலும் கரையும். சொதி அவ்வளவு அழகான மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் தேங்காய்ப்பாற் கொழுப்பும், இறக்கியபின் விடும் தேசிக்காய்ப் புளியும். அதே மஞ்சளை அப்பச்சோடா போட்ட பஜ்ஜி மாவில் கலந்து பாருங்கள். பொரிந்து வரும்போது அங்கங்கே சிவந்த புள்ளிகள். சோடா சரியாகக் கரையாத இடங்கள் அவை.

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு மடைப்பள்ளியில் எழுதி ஒட்டத்தக்கது. மஞ்சளைச் சமையற் சூட்டில் வைத்துப் பார்த்தபோது குர்க்குமினில் 27 முதல் 53 சதவீதம் வரை அழிந்தது. அதிக இழப்பு பிறெசர் குக்கரில் பத்து நிமிடம் வேகவைத்தபோது. பழப்புளி சேர்ந்திருந்தபோதோ இழப்பு 12 முதல் 30 சதவீதந்தான். பருப்போடு மஞ்சளையும் போட்டுக் குக்கரை மூடுவது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நிறம் வேண்டுமானால் பருப்பைத் தனியே அவித்து, புளி கரைத்து விடும்போதோ தாளிக்கும் எண்ணெயிலோ மஞ்சளைச் சேர்ப்பது மேல். இரசம் வைக்கும் பாட்டிமார் ஆய்வுக்குக் காத்திருக்கவில்லை.

பச்சை நிறம் எல்லாவற்றிலும் பிடிவாதமானது. இலையின் பச்சையத்தில் நடுவே ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. சூடும் அமிலமும் சேர்ந்தால் அந்த அணு வெளியேறி, பச்சை மங்கி, காய்ந்த ஒலிவ் இலையின் நிறமாகிவிடும். கீரை வேகும்போது அதிலிருந்தே புளிப்பான ஆவி எழும். மூடி போட்டால் அந்த ஆவி நீராகித் திரும்பச் சட்டியில் விழும். ஆகவே முதற் சில நிமிடம் மூடாமல் விடவேண்டும். பழப்புளியோ தேசிக்காயோ இறக்கிய பின்னர்தான். சிலர் சிட்டிகை அப்பச்சோடா போடுவார்கள். பச்சை நிற்கும் என்பது உண்மை. ஆனால் கீரை கூழாகிவிடும், விற்றமின் பி1உம் அழியும். விரத நாளில் ஒருவேளை மட்டும் உண்பவருக்கு இலையின் நிறத்தைவிட அந்தச் சத்து பெரிது.

பச்சையைக் காப்பாற்ற வேறொரு வழியும் முன்பு இருந்தது. மக்னீசியம் போன இடத்தில் செம்பு உட்கார்ந்தால் நிறம் எளிதில் அசையாது. 1820ஆம் ஆண்டில் லண்டனில் பிரெடெரிக் அக்கும் என்ற இரசாயன அறிஞர் உணவுக் கலப்படம் பற்றி வெளியிட்ட புத்தகத்தில், ஊறுகாயைச் செப்புக் காசுகளோடு கொதிக்கவைத்துப் பச்சையாக்கும் வழக்கத்தைக் கண்டித்து எழுதினார். ஊறுகாயோடு செம்பும் வயிற்றுக்குள் போயிற்று.

அதே புத்தகத்தில் அவர் சொல்லும் இன்னொரு கதை இந்தப் பக்கத்துக்கு மிக நெருங்கியது. குளொஸ்ரர் பாற்கட்டிக்கு அனாட்டோ என்ற விதையிலிருந்து எடுத்த செம்மஞ்சள் நிறத்தைச் சேர்ப்பது வழக்கம். விதை நிறம் ஒருமுறை மங்கலாக வந்துவிட்டது. விற்பவர் அதைத் தூக்கிக்காட்டச் சாதிலிங்கத்தை வாங்கிக் கலந்தார். சாதிலிங்கம் விற்றவரோ, அது வண்ணப்பூச்சுக்குத்தான் போகிறது என்று எண்ணி அதற்குள் ஈயச் செந்தூரத்தைக் கலந்திருந்தார். ஒருவருக்கும் கொல்லும் எண்ணமில்லை. ஆனால் ஒரு விடுதியில் சுட்ட பாற்கட்டி உண்டவர் வயிற்றுவலியால் துடித்தார்.

இருநூறு வருடத்துக்கு முந்திய கதை என்று ஒதுக்கமுடியாது. வங்காளதேசத்து மஞ்சளில் ஈயக் குரோமேற் என்ற மஞ்சள் வர்ணப்பொடி கலக்கப்படுவதை அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2019இல் ஆய்வு செய்து எழுதினார்கள். எப்போது தொடங்கிற்று என்று விசாரித்தபோது கிடைத்த விடை: 1980களில் ஒரு பெருவெள்ளம். கிழங்குகள் நனைந்து, சரியாக உலராமல், நிறம் மங்கின. மங்கிய கிழங்கை வாங்குவாரில்லை. மெருகேற்றும் இடத்தில் வர்ணப்பொடி புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகும் பொடி போகவில்லை. ஈயம் கர்ப்பிணிகளின் உடலிலும் பிள்ளைகளின் மூளையிலும் போய்த் தங்குவது. அரசாங்கம் 2019இல் கடுமையாக நடவடிக்கை எடுத்தது. அதற்குமுன் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம் 2021இல் எடுத்த மாதிரிகளில் காணப்படவில்லை. பளிச்சென்ற மஞ்சளையே தேடி வாங்குபவருக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு என்று சொன்னால் கோபிக்கக்கூடாது. கோயிலுக்கு மஞ்சள் காணிக்கை தருவோர், தூளாக வாங்காமல் முறித்துப் பார்க்கக்கூடிய முழுக்கிழங்காக வாங்கித் தருவார்களானால், மேலே ஒரு நிறமும் உள்ளே ஒரு நிறமுமாக இருந்தால் அங்கேயே கண்டுகொள்ளலாம்.

இப்போது 'இயற்கை நிறம்' என்று அச்சிட்ட பொதிகள் நிறைய வருகின்றன. சைவ போசனம் கடைப்பிடிப்போர் இந்தச் சொல்லில் மயங்கக்கூடாது. 120 என்ற எண் உள்ள செந்நிறம் இயற்கையானதுதான், ஆனால் தாவரமன்று. கள்ளிச்செடியில் வாழும் ஒருவகைப் பூச்சியை உலர்த்தி அரைத்து எடுப்பது. ஒரு இறாத்தலுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். இளஞ்சிவப்புத் தயிர், இனிப்பு, கேக் மேற்பூச்சு எல்லாவற்றிலும் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கவேண்டும்.

அதைவிட மறைவானது கரோட்டீன் தூள். 160ஏ என்ற எண். நிறம் கரட்டுடையதே. ஆனால் தண்ணீரில் கரையாத, காற்றுப் பட்டால் கெடும் பொருளைத் தூளாக்கிப் பானத்திற் கலக்கவேண்டுமானால், நுண்துளிகளாக்கி எதையாவது கொண்டு மூடவேண்டும். சில ஆலைகள் மாப்பொருளாலோ பிசினாலோ மூடுகின்றன. சில ஜெலற்றினால் மூடுகின்றன. அது மாட்டின் தோலெலும்பிலிருந்தோ மீனிலிருந்தோ வருவது. கரோட்டீனைத் தாங்கும் மீன் ஜெலற்றினை ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் அறிவிக்கவேண்டியதில்லை என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது. ஆகவே பொதியின் பின்புறத்தைப் படித்தால் மட்டும் போதாது. சைவ உணவு என்ற முத்திரை இருந்தால் வாங்கலாம். இல்லையேல் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்கலாம். பலர் மறுமொழி எழுதுகிறார்கள்.

மடைப்பள்ளியில் யன்னலோரம் இருந்த கண்ணாடிப் போத்தல்களைத் தொண்டர்கள் சென்ற வாரம் எடுத்துப் பார்த்தார்கள். மஞ்சட்தூள் சுவர்ப்பக்கம் பொன்னிறமாகவும் வெளிச்சப்பக்கம் வைக்கோல் நிறமாகவும் இருந்தது. செத்தல் மிளகாய்த்தூளுக்கும் அதே கதி. இரண்டும் இப்போது கதவுள்ள அலுமாரியில், மூடியுள்ள தகரப் பேணிகளில் இருக்கின்றன. செம்மஞ்சள் தூள் போத்தலும் அதே அலுமாரியின் மேற்தட்டில்தான் இருக்கிறது. அதை எறிவதா வைப்பதா என்று இரண்டு கட்சியும் இன்னும் இணங்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை அம்பாளுக்குக் கரட் வதக்கிய நெய்யிற் கேசரி. பத்து இறாத்தல் கரட் துருவவேண்டியிருப்பதால், மாலை நான்கு மணிக்குத் துருவலையுடன் வரக்கூடியவர்கள் மடைப்பள்ளிப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.